இங்கிலிஷ் பழகுவோம்: “காணவில்லை” என்பதை எந்தக் காலத்தில் எழுதுவது?



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் இறந்தகாலத்தைப் பார்த்தோம். வென்ட், கேம், சோ, லொஸ்ட் என்று சொற்களைப் பாடமாக்கினோம். இந்த மாதம் அதற்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஒரு காலத்தைப் பார்ப்போம். இங்கிலிஷில் இதன் பெயர் பிரசென்ட் பேர்பெக்ட் டென்ஸ். தமிழில் நிகழ்கால நிறைவு என்று சொல்லலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதே கருத்தை நாங்கள் எல்லோரும் தினமும் தமிழில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வழமைபோல, இங்கிலிஷ் எழுத்துத் தெரியாத அக்காமாரும் வாசிப்பதற்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இங்கிலிஷ் எழுத்துக்கூட்டலைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இது எங்களுக்கு எதற்கு?

வெல்லாவெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் வகுப்புக்கு மண்டூர், பழுகாமம், திக்கோடை, தும்பங்கேணி என்று பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு வெளிநாடு போகும் எண்ணமும் இல்லை, கந்தோர் வேலை தேடும் வயதும் இல்லை. பிறகு ஏன் இங்கிலிஷ் என்று கேட்டால், பைக்குள்ளிருந்து ஒரு பைலை எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்குள் பல வருடக் கடிதங்களின் பிரதிகள் இருக்கின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதியது, செஞ்சிலுவைக் குழுவுக்கு எழுதியது, ஜனாதிபதி ஆணைக்குழுக்களுக்கு எழுதியது, தூதரகங்களுக்கு எழுதியது, 2018ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதியது. இவற்றில் பல இங்கிலிஷில் இருக்கின்றன. எழுதியவர் வேறு ஒருவர், கையெழுத்து மட்டும் அக்காவுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கையெழுத்து வைத்தவருக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுவது எங்கள் உரிமை. 1987ஆம் ஆண்டில் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் அரச கரும மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். இங்கிலிஷ் தெரியவில்லை என்பதற்காக எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் கடிதம் ஒரு தூதரகத்துக்கோ ஜெனீவாவுக்கோ போகும்போது அங்கே தமிழ் வாசிக்கும் ஆள் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. அப்போது இங்கிலிஷ் வேண்டியிருக்கிறது. நாங்களே முழுக் கடிதமும் எழுதாவிட்டாலும், எங்கள் பெயரில் எழுதப்பட்டது சரிதானா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

ஒரு வரியும் அதன் பொருளும்

வகுப்புக்கு வரும் ஒரு அக்காவின் பழைய மனுவில் இப்படி ஒரு வரி இருந்தது: “மை ஹஸ்பண்ட் வோஸ் மிஸ்ஸிங் இன் 1990.” காசு வாங்கிக்கொண்டு யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் வேண்டுமென்று பிழைவிடவில்லை. “1990ஆம் ஆண்டில் எனது கணவரைக் காணவில்லை” என்று அக்கா சொன்னதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். ஆனால் இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்தவர் அந்த வரியை வாசித்தால் “1990ஆம் ஆண்டில் இவருடைய கணவர் காணாமல் இருந்தார்” என்றுதான் விளங்கிக்கொள்வார். இருந்தார் என்றால், பிறகு என்ன நடந்தது? திரும்பி வந்துவிட்டாரா? விசயம் அந்த வருடத்தோடு முடிந்ததா?

இதை விளங்கப்படுத்தியபோது அந்த அக்கா சொன்னார்: “முடிஞ்ச கதை எண்டா நான் ஏன் ரீச்சர் இன்னும் இந்தப் பைலத் தூக்கிக்கொண்டு திரியிறன்?”

அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம். முடியாத கதையை முடியாத கதையாகவே எழுத இங்கிலிஷில் ஒரு காலம் இருக்கிறது. பின்வரும் மூன்று வரிகளையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

ஹீ வோஸ் மிஸ்ஸிங் இன் 1990. அவர் 1990இல் காணாமல் இருந்தார். அன்றைய நிலை மட்டும் தெரிகிறது.

ஹீ வென்ட் மிஸ்ஸிங் இன் 1990. அவர் 1990இல் காணாமல் போனார். நடந்த சம்பவத்தைச் சொல்கிறது. இது சரியான இங்கிலிஷ். ஆனால் இன்று அவர் எங்கே என்பதைப் பற்றி இந்த வரி ஒன்றும் சொல்லவில்லை.

ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 1990. அவர் 1990இலிருந்து இன்றுவரை காணாமல் இருக்கிறார். தொடக்கமும் தெரிகிறது, இன்றைக்கும் அதுதான் நிலை என்பதும் தெரிகிறது.

மூன்றாவது வரிதான் நிகழ்கால நிறைவு.

தமிழில் எங்கே சிக்கல்?

இந்தப் பிழை ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழில் “இல்லை” என்ற சொல் காலம் காட்டுவதில்லை. “நேற்று பஸ் வரவில்லை” என்கிறோம். “இன்னும் பஸ் வரவில்லை” என்றும் சொல்கிறோம். இரண்டிலும் “வரவில்லை” ஒன்றுதான். நேற்று, இன்னும் என்ற சொற்களை வைத்துத்தான் வித்தியாசம் பிடிக்கிறோம். “காணவில்லை” என்பதும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு முன்னர் சொன்னாலும் காணவில்லை, இன்றைக்குச் சொன்னாலும் காணவில்லை.

இங்கிலிஷ் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

த பஸ் டிட் நொட் கம். பஸ் வரவில்லை. பார்த்தோம், வரவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அந்த விசயம் முடிந்துவிட்டது.

த பஸ் ஹாஸ் நொட் கம். பஸ் வரவில்லை. வெல்லாவெளிச் சந்தியில் களுவாஞ்சிகுடி பஸ்ஸுக்காக நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் “வரவில்லை” என்று எங்கள் வாயிலிருந்து கேட்டதும், டிட் நொட் என்று எழுதுவதா, ஹாஸ் நொட் என்று எழுதுவதா என்று தானே முடிவெடுக்கிறார். அந்த முடிவை அவர் எடுக்கக்கூடாது. எடுக்க வேண்டியவர் நீங்கள். “இன்றுவரை வரவில்லை”, “இன்னும் காணவில்லை” என்று தமிழிலேயே அழுத்திச் சொல்லுங்கள். இன்றுவரை, இன்னும் என்ற இரண்டு சொற்களும் அவருடைய கையை ஹாஸ் நொட் என்பதற்குக் கொண்டுபோகும். யெட் என்ற சொல்லையும் கடைசியில் சேர்க்கலாம். ஹீ ஹாஸ் நொட் கம் யெட் என்றால் “அவர் இன்னும் வரவில்லை” என்று பொருள். வருவார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சிறிய சொல்லில் இருக்கிறது.

“இல்லை” சேராத வாக்கியங்களில் எங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பக்கத்து வீட்டு மாமி “மகள் எங்க?” என்று கேட்டால் “கடைக்குப் போயிரிக்கா” என்கிறோம். மகள் வீட்டில் இல்லை, இன்னும் திரும்பவில்லை என்று மாமிக்கு உடனே விளங்கிவிடும். “கடைக்குப் போனாள்” என்று மட்டும் சொன்னால், போய்த் திரும்பி வந்தாளா இல்லையா என்று தெரியாது. போனாள் என்பது ஷீ வென்ட். போயிருக்கிறாள் என்பது ஷீ ஹாஸ் கோன். பார்த்தீர்களா, பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

அமைக்கும் முறை

ஐ, யூ, வீ, தே ஆகியவற்றுக்கு ஹாவ். ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கும் ஒரு ஆளின் பெயருக்கும் ஹாஸ். அதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல, ஹாவ் அல்லது ஹாஸ் என்பதற்குப் பின்னால் நொட் போடுங்கள்.

எங்கள் கடிதங்களில் அடிக்கடி வரும் வினைச்சொற்களின் மூன்று வடிவங்களும் இவை:

கோ, வென்ட், கோன் (போதல்)
கம், கேம், கம் (வருதல்)
சீ, சோ, சீன் (காணுதல்)
ஹியர், ஹேர்ட், ஹேர்ட் (கேள்விப்படுதல்)
டேக், டுக், டேக்கன் (கொண்டுபோதல்)
லூஸ், லொஸ்ட், லொஸ்ட் (இழத்தல்)
ரைட், ரோட், ரிட்டன் (எழுதுதல்)
ரிசீவ், ரிசீவ்ட், ரிசீவ்ட் (பெறுதல்)

கம் என்பதன் மூன்றாவது வடிவமும் கம் என்பதைக் கவனியுங்கள். ஹாஸ் கேம் என்று எழுதினால் பிழை.

கோ என்ற சொல்லில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷீ ஹாஸ் கோன் டு குவைத் என்றால் குவைத்துக்குப் போயிருக்கிறாள், இப்போது அங்கேதான் இருக்கிறாள் என்று பொருள். ஷீ ஹாஸ் பீன் டு குவைத் என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டாள் என்று பொருள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன மகளைப் பற்றியோ சகோதரியைப் பற்றியோ எங்காவது முறைப்பாடு எழுத வேண்டி வந்தால் இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம். திரும்பி வராதவரை வந்துவிட்டதாக எழுதிவிடக்கூடாது.

சின்ஸ், ஃபோர்

இந்தக் காலத்தோடு கூடவே திரியும் இரண்டு சொற்கள் சின்ஸ், ஃபோர் என்பவை. தொடங்கிய நாளைச் சொல்வதென்றால் சின்ஸ். எவ்வளவு காலம் என்று கணக்குச் சொல்வதென்றால் ஃபோர்.

சின்ஸ் 1990: 1990இலிருந்து.
சின்ஸ் தட் டே: அந்த நாளிலிருந்து.
ஃபோர் தேர்ட்டி இயர்ஸ்: முப்பது வருடமாக.

சின்ஸ் தேர்ட்டி இயர்ஸ் என்று எங்களில் பலர் எழுதுகிறோம். அது சரியில்லை. முப்பது வருடம் என்பது நீளம். நீளத்துக்கு ஃபோர்.

இன்னொரு இடத்திலும் தமிழ்ப் பழக்கம் குறுக்கே வரும். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் சண்டை நெருங்கியபோது படுவான்கரைச் சனங்கள் ஆயிரக்கணக்கில் எழுவான்கரைப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். அப்படித் தங்கிய ஒருவர் “நான் 2007இலிருந்து களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வார். அதை ஐ ஆம் லிவிங் என்று மாற்றுவது வழமை. ஆனால் இங்கிலிஷில் ஐ ஹாவ் லிவ்ட் இன் களுவாஞ்சிகுடி சின்ஸ் 2007 என்றுதான் வர வேண்டும். அன்று தொடங்கி இன்றைக்கும் நீடிக்கும் விசயம் எதுவானாலும் ஹாவ் அல்லது ஹாஸ் வேண்டும் என்று நினைவில் வையுங்கள்.

திகதி போட்டால் இறந்தகாலம்

இனி மிக முக்கியமான விதி. ஒரு சம்பவம் நடந்த நாளையோ மாதத்தையோ வருடத்தையோ குறிப்பிட்டுச் சொன்னால் அந்த வாக்கியம் சாதாரண இறந்தகாலத்தில்தான் வர வேண்டும். ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே என்று எழுதக்கூடாது. ஐ சோ ஹிம் யெஸ்டர்டே என்று எழுத வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி, அப்போது அகதி முகாமாக இருந்த வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். இதை இங்கிலிஷில் எழுதும்போது “158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள்” என்ற பகுதி தே வேர் டேக்கன் என்று இறந்தகாலத்தில் வரும். ஏனென்றால் திகதி இருக்கிறது. “அவர்கள் திரும்பி வரவில்லை” என்ற பகுதி தே ஹாவ் நொட் ரிட்டேர்ன்ட் என்று வரும். ஏனென்றால் அதற்குத் திகதி கிடையாது. அது செப்டெம்பர் 6ஆம் திகதி உண்மையாக இருந்தது, இன்றைக்கும் உண்மையாக இருக்கிறது.

ஆகவே ஒரு நல்ல முறைப்பாட்டுக் கடிதத்தில் இரண்டு காலங்களும் வேண்டும். நடந்தது என்ன என்பதை இறந்தகாலத்தில் சொல்லுங்கள். அன்றிலிருந்து இன்றுவரை உள்ள நிலையை நிகழ்கால நிறைவில் சொல்லுங்கள். இறந்தகாலம் மட்டும் இருந்தால் பழைய கதைபோலத் தெரியும். நிகழ்கால நிறைவு மட்டும் இருந்தால் எப்போது, எங்கே என்ற விபரம் இல்லாமல் போகும்.

ஒரு மாதிரிக் கடிதம்

மகனைத் தேடும் ஒரு தாய் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்துக்கு உங்கள் திகதியையும் இடத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

தே டுக் மை சன் ஃப்ரொம் அவர் ஹவுஸ் இன் ஜூன் 1991. (1991 ஜூனில் எனது மகனை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். திகதி உண்டு, இறந்தகாலம்.)

ஐ சேர்ச்ட் ஃபோர் ஹிம் இன் த கேம்ப்ஸ் தட் வீக். (அந்தக் கிழமை முகாம்களில் தேடினேன். எப்போது என்பது உண்டு, இறந்தகாலம்.)

ஐ ஹாவ் நொட் சீன் ஹிம் சின்ஸ் தட் டே. (அன்றிலிருந்து இன்றுவரை அவரைக் காணவில்லை. நிகழ்கால நிறைவு.)

ஐ ஹாவ் நொட் ஹேர்ட் ஃப்ரொம் ஹிம். (அவரிடமிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. நிகழ்கால நிறைவு.)

ஐ ஹாவ் ரிட்டன் டு யுவர் ஒஃபிஸ் திரீ டைம்ஸ். (உங்கள் அலுவலகத்துக்கு இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். நிகழ்கால நிறைவு.)

ஐ ஹாவ் நொட் ரிசீவ்ட் எ ரிப்ளை. (இன்னும் பதில் கிடைக்கவில்லை. நிகழ்கால நிறைவு.)

கடைசி வரியைக் கவனியுங்கள். ஐ டிட் நொட் ரிசீவ் எ ரிப்ளை என்றால் அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை என்ற தகவல் மட்டும்தான். ஐ ஹாவ் நொட் ரிசீவ்ட் எ ரிப்ளை என்றால், நான் இன்னும் பதிலை எதிர்பார்க்கிறேன், பதில் தர வேண்டிய கடமை இன்னும் உங்களிடம் இருக்கிறது என்ற கருத்தும் சேர்ந்து போகிறது. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எந்த அலுவலகத்துக்கும் தயங்காமல் எழுதலாம்.

சட்டமும் இந்தக் காலத்தில்தான் பேசுகிறது

சட்டத்தின் இங்கிலிஷிலும் இந்தக் காலம் முக்கியமான இடத்தில் வருகிறது. எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டில் வந்தது. அதன் 108ஆம் பிரிவு, ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி வரும்போது என்ன செய்வது என்று சொல்கிறது. அங்கே உள்ள சொற்கள் ஹாஸ் நொட் பீன் ஹேர்ட் ஒவ் என்பவை. அதாவது, அந்த ஆளைப் பற்றி இன்றுவரை கேள்விப்படவில்லை. யார் கேள்விப்படவில்லை? அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே யாருக்குச் செய்தி வந்திருக்குமோ, அவர்கள். தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அல்லாமல் வேறு யாருக்கு முதலில் செய்தி வரும்? ஆகவே “ஐ ஹாவ் நொட் ஹேர்ட் ஃப்ரொம் ஹிம்” என்று நீங்கள் எழுதும் வரி வெறும் அழுகை அல்ல. அது சட்டம் கேட்கும் சாட்சியம்.

108ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது ஏழு வருடம் செய்தி இல்லாதிருக்க வேண்டும் என்று இருந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், மோதல்களில் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேல் செய்தி இல்லாதவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. ஆனால் பலருக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. உடலைக் காணவில்லை, உண்மை தெரியவில்லை, எப்படி “இறந்தார்” என்று கையெழுத்து வைப்பது? ஹீ டைட் என்பது இறந்தகாலம். அதற்கு ஒரு திகதி வேண்டும். அந்தத் திகதி எங்களிடம் இல்லை.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. சேர்ட்டிபிகேட் ஒவ் அப்சன்ஸ் எனப்படும், ஆள் காணப்படாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் அது. அவர் இறந்தார் என்று சொல்லாமல், அவர் இன்றுவரை காணாமல் இருக்கிறார் என்று சொல்லியே குடும்பத்தின் அலுவல்களைப் பார்க்க அது உதவுகிறது. ஒன்று இறந்தகாலச் சான்றிதழ், மற்றது நிகழ்கால நிறைவுச் சான்றிதழ் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. எதைப் பெறுவது என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. பிள்ளையின் படிப்புக்காக, காணிக்காக, நிவாரணத்துக்காக மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரி எவரும் தமது ஆளைக் கைவிட்டவர் அல்ல. எடுக்காமல் இருப்பவர் பிடிவாதக்காரியும் அல்ல. பொட்டு வைப்பதா விடுவதா என்று ஊர் கேட்கும் கேள்விக்கும் அவரவரே பதில் சொல்லட்டும். விபரம் தேவையானவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரிடமோ, மட்டக்களப்பிலுள்ள காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பிராந்திய அலுவலகத்திலோ கேட்டு அறியலாம்.

உலகச் சட்டமும் இதே கருத்தில்தான் நிற்கிறது. 1992ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 17ஆம் உறுப்புரை, காணாமல் ஆக்கப்பட்டவருக்கு என்ன நடந்தது என்பதைச் செய்தவர்கள் மறைத்து வைத்திருக்கும்வரை அது தொடர்ந்து நடக்கும் குற்றம் என்று சொல்கிறது. ஆளைக் கொண்டுபோன நாளோடு குற்றம் முடிவதில்லை. மறைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அது நடந்துகொண்டிருக்கிறது. அந்த அக்கா என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

நாங்கள் மட்டும் இப்படிக் காத்திருக்கவில்லை. ஆர்ஜென்டினா நாட்டில் இராணுவ ஆட்சியின்போது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் தாய்மார் தலைநகரின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள். எமது நாட்டின் தெற்கில் 1980களின் கடைசியில் காணாமல் ஆக்கப்பட்ட இளைஞர்களின் சிங்களத் தாய்மார் 1990இல் அன்னையர் முன்னணி அமைத்தார்கள். மொழி வேறு, ஊர் வேறு. மகன் இன்னும் வரவில்லை என்ற வாக்கியம் ஒன்றுதான்.

உங்கள் வாழ்க்கையையும் இதில் எழுதுங்கள்

இந்தக் காலம் துயரத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இதுவரை செய்தவற்றைச் சொல்லவும் இதுதான் வேண்டும். சுயதொழில் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, தையல் வேலை கேட்கும்போது, வெளியிலிருந்து வரும் நிறுவனத்தாரோடு பேசும்போது இப்படிச் சொல்லலாம்:

ஐ ஹாவ் ரெய்ஸ்ட் திரீ சில்ட்ரன். மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன்.

ஐ ஹாவ் கல்ட்டிவேட்டட் பாடி ஃபோர் டென் இயர்ஸ். பத்து வருடமாக வேளாண்மை செய்து வருகிறேன்.

ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் எ சூயிங் கோர்ஸ். தையல் பயிற்சியை முடித்திருக்கிறேன்.

“நான் ஒண்டும் செய்யல்ல, சும்மா வீட்டிலதான்” என்று சொல்லும் பெண்கள் எங்களுக்குள் அதிகம். ஐ ஹாவ் என்று தொடங்கி ஐந்து வரி எழுதிப் பாருங்கள். சும்மா இருந்த ஒருவரும் இல்லை என்பது தெரியும்.

கையெழுத்து வைக்கமுன்

வேறு ஒருவர் உங்களுக்காக இங்கிலிஷில் எழுதினால் கையெழுத்து வைக்கமுன் நான்கு விசயங்களைப் பாருங்கள். முதலாவது, கடிதத்தை ஒருமுறை தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, சம்பவம் நடந்த வரியில் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இன்றைய நிலையைச் சொல்லும் வரியில் ஹாவ் அல்லது ஹாஸ் இருக்கிறதா, சின்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வோஸ் மிஸ்ஸிங் என்று இருந்தால் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் என்று மாற்றச் சொல்லுங்கள். நான்காவது, ஒரு பிரதி எடுத்துத் திகதியோடு பைலில் வையுங்கள். எழுதித் தருபவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பெயர் உங்களுடையது.

பயிற்சி

பின்வருவனவற்றை இங்கிலிஷில் சொல்லிப் பாருங்கள்.

1. அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள்.
2. நாங்கள் 2007இல் இடம்பெயர்ந்தோம். மூவ் என்ற சொல்லைப் பாவியுங்கள்.
3. எனது சகோதரன் இன்னும் வரவில்லை.
4. நான் பதினைந்து வருடமாக வெல்லாவெளியில் இருக்கிறேன்.

விடைகள்: 1. ஷீ ஹாஸ் கோன் டு த மார்க்கெட். 2. வீ மூவ்ட் இன் 2007. 3. மை பிரதர் ஹாஸ் நொட் கம் யெட். 4. ஐ ஹாவ் லிவ்ட் இன் வெல்லாவெளி ஃபோர் ஃபிப்டீன் இயர்ஸ்.

இரண்டாவது கேள்விக்கு ஹாவ் போட்டவர்கள் திகதி விதியை இன்னொரு முறை வாசியுங்கள்.

அடுத்த மாதம் இதற்கு அடுத்த படியைப் பார்ப்போம். ஐ ஹாவ் பீன் வெயிட்டிங், அதாவது நான் காத்துக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதுவது எப்படி என்று பழகலாம். அதுவரை உங்கள் பைலில் உள்ள இங்கிலிஷ் கடிதங்களில் ஒன்றை எடுத்து, அதில் ஹாவ், ஹாஸ் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணி வையுங்கள்.